போய்ச் சொல்லிட்டு வந்த பாவாயி

இங்க வா பூவி, பெரியம்மா பக்கத்துல படு. சோறு தின்னதுமே கண்ணு சொக்குது பாரு உனக்கு. ஜன்னல் திறந்தே இருக்கட்டும், மழை வாசம் வரட்டும். காலை நீட்டிக்கோ. ஆங், அப்படித்தான். கதை சொல்லவா?

"ம்."

ஒரு ஊர்ல, மலையடிவாரத்துல, மரவள்ளிக் குச்சிக்கிழங்குத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு பாவாயி இருந்தா. அவ வீட்டுக்காரர் பேரு செங்கோடன். அவங்களுக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு. ரெண்டு மாடு, ஒரு கன்னுக்குட்டி, ஓடு போட்ட சின்ன வீடு.

அந்த வீட்ல ஒரு வழக்கம். யாரும் யாரையும் வாயைத் திறந்து நல்லதா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. சண்டையெல்லாம் இல்லடி. பாசம் கொள்ளை கொள்ளையா இருந்துச்சு. ஆனா வாயில வராது. செங்கோடன் களியைத் தின்னுட்டுத் தட்டைத் தள்ளி வச்சா, நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம். இன்னொரு உருண்டை கேட்டா, ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம். "நன்றி"ங்கிற வார்த்தையா? அது கட்சிக் கூட்டத்துல மைக்ல சொல்றது. வீட்ல யாரு சொல்லுவா?

"ம்."

அப்போ ஒருநாள் காலையில, ஏழு மணி இருக்கும், செங்கோடன் கிழங்குத் தோட்டத்துல களை வெட்டிட்டு இருந்தாரு. சரக் சரக்னு வெட்டிட்டே போறாரு. புல்லுக்குள்ள ஒரு நல்லபாம்பு படுத்திருந்துச்சு. இவரு அதைப் பாக்கல, அது இவரைப் பாத்துச்சு. உஸ்ஸ்ஸ்! கணுக்கால்ல ஒரு போடு.

பயப்படாத, பயப்படாத. போர்வையை எதுக்கு இப்படி இழுக்கற? பாம்பும் பாவம்தான். மேல மண்வெட்டி விழுந்துடுமோன்னு அதுக்குப் பயம். அது பாட்டுக்குப் போயிடுச்சு.

அப்புறம் செங்கோடன் நொண்டிக்கிட்டே வரப்புக்கு வந்தாரு. பாவாயி ஓடி வந்தா. தெருவே கூடிடுச்சு. ஒருத்தர் வேப்பிலை அடிக்கலாம்னாரு. இன்னொருத்தர் பச்சிலை அரைச்சுத் தரேன்னாரு. பாவாயி, "ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்"னு ஒரே பிடியா நின்னா. ஆனா எதுல போறது? பெரியாஸ்பத்திரி பத்து மைலுக்கு மேல. முதல் பஸ்ஸே ஒன்பதரைக்குத்தான் வரும். அப்போ செல்போன் ஏது? ஊருக்கே ஒரு போன்கூடக் கிடையாது.

அந்த நேரம் பாத்து, டர்ர்ர்ருனு பால் வேன் வந்துச்சு. காதர்னு ஒரு டிரைவர். விஷயத்தைக் கேட்டாரு. பின்னாடி கதவைத் திறந்து, டங், டங், டங்னு பால் கேனையெல்லாம் ரோட்டோரம் இறக்கி வச்சுட்டாரு. "ஏத்துங்க"ன்னாரு. அவ்ளோதான்.

வேன் பறக்குது. பாவாயி மடியில செங்கோடன் தலை. ஏழு வயசுப் பொண்ணு ஒரு மூலையில கம்பியைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கு. "கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க"ன்னு பாவாயி சொல்றா. அவரு திறக்கத்தான் பாக்குறாரு, இமை மேல ஏறல. என்னமோ சொல்றாரு, நாக்கு குளறுது. அப்போ எங்கப்பா என் கையைப் பிடிச்சு...

"உங்கப்பாவா?"

அய்யய்யோ. உளறிட்டேன் பாரு. ஆமாண்டி, செங்கோடன்தான் எங்கப்பா. உனக்குத் தாத்தா. பாவாயி எங்கம்மா. வேன்ல கம்பியைப் பிடிச்சுட்டு இருந்த பொண்ணு நான்தான். சரி, தெரிஞ்சுபோச்சு, இனிமே அம்மான்னே சொல்றேன்.

அப்புறம் ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க, மருந்து ஏத்துனாங்க. ஆனா விஷம் மூச்சுக்குப் போயிடுச்சு. அப்பாவால தானா மூச்சு விட முடியல. மூச்சு விடற மிஷின் அங்க இருந்ததே ரெண்டுதான். ரெண்டுலயும் ஆள் இருந்தாங்க. அதனால டாக்டர் தொண்டையில ஒரு குழாய் வச்சு, அதுல ஒரு பை மாட்டுனாரு. ரப்பர் பை, பலூன் மாதிரி. அதைக் கையால அமுக்குனா காத்து உள்ள போகும், விட்டா வெளிய வரும். புஸ்ஸ்... ஸ்ஸ்ஸ். புஸ்ஸ்... ஸ்ஸ்ஸ். நிறுத்தாம அமுக்கணும். நிறுத்துனா மூச்சு நின்னுடும்.

"யாரு அமுக்குனா?"

அதான் கதை. வார்டு ஆயா ரெஜினாம்மா கொஞ்ச நேரம் அமுக்குனாங்க. அதுக்குள்ள வேற ஒரு கேசு வந்துடுச்சு, கூப்பிட்டாங்க. எங்கம்மாவுக்குக் கை வெடவெடன்னு நடுங்குது, பையைப் பிடிக்கவே முடியல. ரெஜினாம்மா கதவுப் பக்கம் திரும்பி, "யாராச்சும் கை குடுங்கப்பா!"ன்னு கத்துனாங்க. வராண்டாவுல ஒரு ஆளு வெந்நீர் வாங்க பிளாஸ்க்கோட போயிட்டிருந்தாரு. நின்னாரு. பிளாஸ்க்கை ஜன்னல்ல வச்சாரு. உள்ள வந்து பையை வாங்கிட்டாரு.

அப்போ மணி பத்து. அந்த ஆளு மூணு மணி வரைக்கும் அமுக்குனாரு பூவி. அஞ்சு மணி நேரம். நடுவுல டாக்டர் வந்தா பாப்பாரு, நர்ஸ் வந்தா மருந்து மாத்துவாங்க. அவரு மட்டும் நகரவே இல்ல. வலது கை வலிச்சா இடது கை, இடது கை வலிச்சா வலது கை. புஸ்ஸ்... ஸ்ஸ்ஸ். ஒரு வாய் தண்ணி குடிக்கல. நான் கட்டிலோரம் நின்னு அவரு விரலையே பாத்துட்டு இருந்தேன்.

மூணு மணிக்கு ஒரு பையன் ஓடி வந்து, "அண்ணே, உடனே வா"ன்னான். இவருக்கு முகம் மாறிடுச்சு. எங்கம்மா கையைப் பிடிச்சு இழுத்து, பையில வச்சு, "இங்க பாருங்கம்மா. நீங்க மூச்சு இழுக்கறப்ப அமுக்குங்க. நீங்க மூச்சு விடறப்ப விடுங்க. அவ்ளோதான், உங்க மூச்சை அவருக்குக் குடுங்க. நிமிஷத்துல வந்துடறேன்"னாரு. ஓடிட்டாரு.

அப்புறம் அவரு வரவே இல்ல.

"ம்."

எங்கம்மா ஓன்னு அழுதுச்சு. அழுதுகிட்டே அமுக்குச்சு. ரெஜினாம்மா ஓடி வந்து கை மாத்துனாங்க. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அமுக்குனாங்க. அஞ்சரை மணிக்கு ஒரு மிஷின் காலியாச்சு, அப்பாவை அதுல மாட்டுனாங்க. மூணாம் நாள் காலையில அப்பா கண்ணைத் திறந்து, என்னைப் பாத்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?"ன்னு கேட்டாரு. சைகையிலதான். தொண்டையில குழாய் இருக்குதே.

சிரிக்கறியா? நாங்களும் சிரிச்சோம். எங்கம்மா சிரிச்சுட்டே அழுதுச்சு.

அப்புறம் வீட்டுக்கு வந்தாச்சு. அப்பா மெல்ல நடந்தாரு, களி தின்னாரு, தோட்டத்துக்குப் போனாரு. எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. ஆனா எங்கம்மாவுக்கு மட்டும் சோறு இறங்கல. தட்டுல கையை வச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கும்.

"என்ன?"ன்னாரு அப்பா.

"அவங்களைப் போய்ப் பாக்கணுங்க."

"யாரை?"

"வேன்காரரு. ஆயாம்மா. அந்தப் பையை அமுக்குன ஆளு. பேருகூடக் கேக்கலையே நாம."

அப்பா சொன்னாரு, "அவங்க எதையும் எதிர்பாத்தா செஞ்சாங்க? எதுக்கு நீ அலையற?"

"அவங்களுக்காக இல்லைங்க. எனக்கு."

அப்போ முதல்ல காதரைப் பாக்கப் போனோம். எங்கம்மா ஒரு பை நிறைய கடலக்கா எடுத்துக்கிச்சு. ஆனா என்ன சொல்றதுன்னு தெரியல அதுக்கு. வழியெல்லாம் முணுமுணுன்னு சொல்லிப் பாக்குது. "நன்றிங்க... ரொம்ப நன்றிங்க..." அதுக்கே சிரிப்பு வந்துடுச்சு. "என்னடி இது, எலெக்‌ஷன்ல நிக்கறவ மாதிரி இருக்குது"ன்னுச்சு.

பால் சொசைட்டி வாசல்ல வேன் நின்னுட்டிருந்துச்சு. காதர் இறங்கி வந்தாரு. எங்கம்மாவுக்கு வாய் ஒட்டிக்கிச்சு. பையை நீட்டுச்சு. "சாப்டீங்களாண்ணா?"ன்னுச்சு. அவ்ளோதான் வந்துச்சு!

காதர் பையை வாங்கல. "உங்க வீட்டுக்காரரு எப்படிம்மா இருக்காரு?"ன்னு மெதுவா கேட்டாரு.

"நல்லா இருக்காருங்கண்ணா. நேத்து ரெண்டு உருண்டை களி தின்னாரு."

பூவி, அந்த மனுஷன் முகத்தை நீ பாக்கணுமே! அப்படியே திரும்பி, உள்ள பால் ஊத்திட்டு இருந்தவங்களைப் பாத்து, "ஏய், அந்தாளு பொழச்சுக்கிட்டாராம்ப்பா! களி தின்னாராம்!"னு கத்துனாரு. உள்ளயிருந்து நாலு பேரு ஓடி வந்தாங்க. அன்னைக்கு ரோட்டுல இறக்கி வச்ச பால் பூராவும் வெயில்ல திரிஞ்சு, அவரு எல்லார்கிட்டயும் திட்டு வாங்கியிருக்காரு. அதைப் பத்தி ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லல. அது நாங்க கிளம்பறப்ப வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் ரெண்டாவதா ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரெஜினாம்மா வராண்டாவைத் தொடைச்சுட்டு இருந்தாங்க. எங்கம்மா இந்தத் தடவை அந்த வார்த்தையை எல்லாம் தேடல. நேரா போய், "ஆயாம்மா, அவரு இப்ப தானா கிணத்துல தண்ணி இறைக்கிறாரு"ன்னுச்சு.

ரெஜினாம்மா தொடைப்பத்தைச் சுவத்துல சாத்திட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. முந்தானையால கண்ணைத் தொடைச்சாங்க. "இருபது வருஷமா இங்க இருக்கேன் கண்ணு. செத்தா எங்களுக்குத் தெரியும். பொழச்சுப் போறவங்க போயிடுவாங்க, அப்புறம் என்ன ஆனாங்கன்னு ஒண்ணும் தெரியாது. நீதான் வந்து சொல்லியிருக்க"ன்னாங்க. என்னை இழுத்து மடியில உக்கார வச்சுக்கிட்டாங்க. அவங்க மேல டெட்டால் வாசம். இன்னைக்கும் அந்த வாசம் வந்தா எனக்கு அவங்க மடி ஞாபகம்தான் வரும்.

"அந்த ஆளு?"

அதான் கேட்டோம். பேரு அவங்களுக்கும் தெரியல. "அன்னைக்கு அவங்க அம்மா பொம்பளைங்க வார்டுல இருந்தாங்க. சாயங்காலம் அந்தம்மாவை வண்டியில எடுத்துட்டுப் போயிட்டாங்க, இறந்துட்டாங்க பாவம்"னாங்க ரெஜினாம்மா. பெத்த அம்மா பக்கத்துல இருக்க வேண்டிய நேரத்துல அந்த மனுஷன் எங்கப்பா பக்கத்துல நின்னிருக்காரு.

"வேற எதாச்சும் ஞாபகம் இருக்குதா ஆயாம்மா?"

"கை. மணிக்கட்டு வரைக்கும் நீலம். நகத்துக்குள்ள எல்லாம் நீலம்."

நீலக் கைன்னா சாயப்பட்டறை. நூலுக்குச் சாயம் போடற இடம். நெசவுக்கார ஊரு ஒண்ணு இருந்துச்சு, ரெண்டு பஸ் மாறிப் போகணும். போனோம்.

அந்த ஊரு எப்படி இருந்துச்சு தெரியுமா? தெரு முழுக்க மூங்கில் கட்டி, நூலைக் காயப் போட்டிருந்தாங்க. மஞ்சள், பச்சை, கத்தரிப்பூ, ரத்தச் சிவப்பு. காத்து அடிச்சா எல்லாம் சேந்து ஆடும். வாய்க்கால்ல தண்ணிகூட ஒரு பக்கம் சிவப்பா, ஒரு பக்கம் ஊதாவா ஓடுச்சு. எனக்குத் திருவிழாவுக்கு வந்த மாதிரி இருந்துச்சு. எங்கம்மா கையைப் பிடிச்சுட்டு வாயைப் பொளந்துட்டே நடந்தேன்.

முதல் பட்டறைக்குள்ள போய், "நீலக் கைக்காரரு இருக்காருங்களா?"ன்னு கேட்டோம். பத்துப் பேரு கையைத் தூக்கிக் காட்டுனாங்க. சிவப்பு, பச்சை, நீலம், கருப்பு! ஒரே சிரிப்பு. ஆனா எவரும் ஆஸ்பத்திரிக்குப் போகல.

ரெண்டாவது பட்டறையில ஒரு பெரியவரு. அவருக்குக் காது சரியா கேக்கல. நாங்க "ஆஸ்பத்திரி"ங்கறோம், அவரு "ஆமா, ஆடு மாதிரி"ங்கறாரு. கடைசியில அவரு மருமக வந்து, "அம்மா செத்துப்போனவரா? வாய்க்கா முனையில வையாபுரி அண்ணன் இருக்காரு, அவரா இருக்கும்"னு கை காட்டுச்சு.

மூணாவது பட்டறை ரொம்பச் சின்னது. கீத்துக் கொட்டகை. உள்ள ஒரே ஆவி. ஒருத்தர் முதுகைக் காட்டி நின்னுட்டு, தொட்டியில நூலைக் கம்பால புரட்டிட்டு இருந்தாரு. களக், களக், களக்.

"அண்ணா"ன்னுச்சு எங்கம்மா.

திரும்புனாரு. அவரேதான். எங்கம்மாவைப் பாத்தாரு. கையில இருந்த கம்பு தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு. அப்புறம், நம்ப மாட்ட பூவி, ரெண்டு அடி பின்னாடி போனாரு. கையைக் கூப்புனாரு.

"அம்மா, என்னை மன்னிச்சுடுங்க"ன்னாரு.

எங்கம்மாவுக்கு ஒண்ணும் புரியல. "என்னண்ணா சொல்றீங்க?"

"நிமிஷத்துல வரேன்னு சொல்லிட்டுப் போனேன். வர முடியல. எங்கம்மாவை எடுத்துட்டு வராண்டா வழியா வரப்ப, உங்க அழுகைச் சத்தம் கேட்டுச்சு. ஐயோ, உங்க வீட்டுக்காரரு போயிட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு. நான் கையை எடுத்ததாலதானே... இந்த மூணு மாசமா எனக்கு..."

அவரால முடிக்க முடியல.

அப்போ நான் கத்துனேன். "எங்கப்பா வீட்ல இருக்காரு! நேத்துகூட புளியமரத்துல எனக்கு ஊஞ்சல் கட்டிக் குடுத்தாரு!"

வையாபுரி மாமா என்னைப் பாத்தாரு. எங்கம்மாவைப் பாத்தாரு.

"உயிரோட இருக்காரா?"

"இருக்காருங்கண்ணா."

"தானா மூச்சு விடறாரா?"

"குறட்டையே விடறாரு!"ன்னேன் நான்.

பொத்துனு அந்த ஈரத் தரையிலயே உக்காந்துட்டாரு. முகத்தை மூடிட்டு அழுதாரு. பெரிய ஆளு ஒருத்தரு அப்படி அழுது நான் பாத்ததே இல்ல. கையை எடுத்தப்ப கன்னமெல்லாம் நீலம். எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

"ம்..."

அப்புறம் எங்கம்மாவும் கீழ உக்காந்துச்சு. "உங்கம்மா பக்கத்துல இருக்க வேண்டிய நேரத்தை எங்களுக்குக் குடுத்துட்டீங்களேண்ணா. நான் எப்படி..."ன்னுச்சு.

அவரு தலையை ஆட்டுனாரு. "வெந்நீர் வாங்கப் போனவனை எங்கடான்னு எங்கம்மா கேட்டாங்களாம். அவன் ஒருத்தருக்கு மூச்சுப் பை பிடிச்சுட்டு இருக்கான்னு தம்பி சொல்லியிருக்கான். 'இருக்கட்டும், நல்லா பிடிக்கச் சொல்லு'ன்னாங்களாம். அதுதான் அவங்க எனக்குச் சொல்லி அனுப்புன கடைசி வார்த்தை. அதைக்கூடச் சரியா செய்யலையேன்னுதான் கிடந்தேன்மா." முகத்தைத் தொடைச்சுக்கிட்டாரு. "செஞ்சிருக்கேன்"னாரு.

திரும்பி வரப்ப பஸ்ல எங்கம்மா ஜன்னலுக்கு வெளியவே பாத்துட்டு வந்துச்சு. ஊரு நெருங்கறப்ப, "நாம போகாம இருந்திருந்தா?"ன்னுச்சு. என்கிட்டயா, தனக்குத்தானான்னு தெரியல.

அன்னையிலிருந்து எங்கம்மா மாறிடுச்சு. தினமும் பொழுது சாயறப்ப, மாட்டைக் கட்டிட்டு, "இன்னைக்கு யாருக்குப் போய்ச் சொல்லணும்?"னு யோசிக்கும். பஸ் கண்டக்டருக்கு, "நேத்து ஓடி வந்தேன்னு ஒரு நிமிஷம் நிறுத்துனீங்களே, மழைக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிட்டேன்"னு சொல்லும். வாத்தியாருக்கு, "நீங்க சொல்லிக்குடுத்த வாய்ப்பாட்டை புள்ள மாடு மேய்க்கறப்ப பாடுது"ன்னு சொல்லும். பக்கத்து வீட்டு அங்கம்மாகிட்ட, "உன் கருவேப்பிலையில ரசம் வச்சேன், தெருவே மணந்துச்சு"ன்னு சொல்லுச்சு. அங்கம்மா, "எதுக்குடி இப்படிக் குழையற, இன்னும் ஒரு கொத்து வேணுமா?"ன்னு முறைச்சா! எல்லாருக்கும் உடனே பிடிச்சிடல. ஆனா எங்கம்மா விடல. ஒரு மாசம் கழிச்சு அங்கம்மாவே வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, "ஏண்டி பாவாயி, நேத்து குடுத்த மோரு நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு"ன்னா. சொல்லிட்டு வெக்கப்பட்டு உள்ள ஓடிட்டா.

எங்கப்பாதான் ரொம்ப நாள் எடுத்துக்கிட்டாரு. ஒருநாள் சாப்பிட்டு முடிச்சாரு. தட்டைத் தள்ளல. ரெண்டு தடவை கனைச்சாரு. "குழம்பு... நல்லாருக்குது"ன்னாரு. டங்! எங்கம்மா கையில இருந்த கரண்டி கீழ விழுந்துடுச்சு. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல முதல் தடவை! எங்கம்மா கரண்டியை எடுக்கவே இல்ல. அடுப்பைப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிச்சு. எனக்குத் தோள் மட்டும்தான் தெரிஞ்சுது, குலுங்கிட்டு இருந்துச்சு.

"ம்..."

வையாபுரி மாமா வரேன் வரேன்னாரு, வரல. கூச்சம் அவருக்கு. மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமைதான் வந்தாரு, அவரு சம்சாரம் அத்தையையும் கூட்டிட்டு. நாட்டுக்கோழி அடிச்சுக் குழம்பு வச்சுச்சு எங்கம்மா. அப்பாவும் அவரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து தின்னாங்க. ரெண்டு பேருமே அதிகம் பேசறவங்க இல்ல. மழை பெய்யுமா, கிழங்கு எப்படி, அவ்ளோதான் பேச்சு. நான்தான் ஏமாந்துட்டேன், கட்டிப்பிடிச்சு அழுவாங்கன்னு நெனச்சேன்.

சாப்பிட்டதும் அப்பாவுக்குத் தூக்கம் வந்துடுச்சு. கயித்துக் கட்டில்ல சாஞ்சாரு, கொர்ர்ர்னு தூங்கிட்டாரு. எங்கம்மாவுக்கு ஒரே வெக்கம். "விருந்தாளி வந்திருக்கறப்ப பாருங்க இவரை"ன்னு எழுப்பப் போச்சு.

வையாபுரி மாமா, வேண்டாம்னு கை காட்டிட்டாரு. ஒரு முக்காலியைக் கட்டில் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்தாரு. எங்கப்பா நெஞ்சையே பாத்துட்டு இருந்தாரு. நெஞ்சு மேல வருது, கீழ போகுது. மேல வருது, கீழ போகுது. அவரோட நீலக் கை ரெண்டும் மடியில கிடந்துச்சு, ஒண்ணும் செய்யாம.

ரொம்ப நேரம் ஆச்சு. எங்கம்மா தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு, "என்னண்ணா அப்படிப் பாக்குறீங்க?"ன்னு கேட்டுச்சு.

"ஒண்ணுமில்லம்மா"ன்னாரு. "தானா ஏறுது. தானா இறங்குது."

அவ்ளோதாண்டி பூவி. கதை கட்டில்ல சாஞ்சாச்சு, நீயும் சாஞ்சுக்கோ. தூங்கு கண்ணு, தூங்கு.